ஹியெரோனிமோ வழக்கு: வாதியும் நீதிபதியும் ஒருவரே

கொலையானவன் நீதிபதியின் மகன். கொலை நடந்தது நீதிபதியின் வீட்டுத் தோட்டத்தில். கொன்றது யார் யார் என்று எழுதிய கடிதம் நீதிபதியின் காலடியிலேயே வந்து விழுகிறது. கொலையில் கூட நின்ற ஒருவன் வேறொரு வழக்கில் பிடிபட்டு அதே நீதிபதி முன்னால் நிறுத்தப்படுகிறான். ஒரு வழக்கு ஜெயிக்க இதற்கு மேல் என்ன வேண்டும்? ஆனாலும் அந்த வழக்கு எந்த நீதிமன்றத்திலும் பதிவாகவே இல்லை. கதை முடியும்போது மேடையில் பழைய பிணம் ஒன்றும் புதுப் பிணங்கள் ஐந்தும் கிடக்கின்றன. அந்த ஐந்தில் ஒன்று, கொலையில் எந்தப் பங்கும் இல்லாத ஒரு பெரியவருடையது.

எலிசபெத் கால ஆங்கில நாடகாசிரியர் தாமஸ் கிட் எழுதிய 'தி ஸ்பானிஷ் டிராஜெடி' நாடகத்தின் நாயகர் ஹியெரோனிமோவின் கதை இது. 1592 மார்ச்சில் இது லண்டனின் ரோஸ் அரங்கில் நடந்ததாக அரங்க உரிமையாளர் பிலிப் ஹென்ஸ்லோவின் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. பழிக்குக் காத்திருக்கும் ஆவி, தள்ளிப்போடும் நாயகன், பாதி நிஜமும் பாதி நடிப்புமான பைத்தியம், நாடகத்துக்குள் ஒரு நாடகம் என்று ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டில் நாம் பார்க்கிற பலவும் இங்கே முன்பே வந்துவிட்டன. ஹாம்லெட்டைப் பற்றி நிறையப் பேர் எழுதியாகிவிட்டது. வீழ்ச்சி எங்கே தொடங்கியது, எங்கே திரும்பியிருக்கலாம் என்று படிப்படியாகப் பார்க்க எனக்கு ஹியெரோனிமோதான் வசதி. அவர் இளவரசர் இல்லை. சம்பளத்துக்கு நீதி வழங்கும் அதிகாரி.

பின்னணி

ஸ்பெயினுக்கும் போர்ச்சுகலுக்கும் போர். ஸ்பானிய வீரன் ஆண்ட்ரியாவைப் போர்ச்சுகல் அரசப் பிரதிநிதியின் மகன் பல்தசார் கொல்கிறான். ஆண்ட்ரியாவின் ஆவி பாதாளத்துக்குப் போய், 'பழி' என்ற உருவத்தோடு மேலே வந்து, நாடகம் முழுவதும் ஓரமாக உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறது. பல்தசாரைப் போர்க்களத்தில் மடக்கியவன் ஹொரேஷியோ, ஹியெரோனிமோவின் மகன். ஆனால் ஸ்பெயின் ராஜாவின் தம்பி காஸ்டில் பிரபுவின் மகன் லொரென்சோ, பிடித்தது நான்தான் என்று பங்குக்கு வருகிறான்.

அப்போது ராஜா சொல்லும் தீர்ப்பைக் கவனிக்க வேண்டும். கைதியின் குதிரையும் ஆயுதங்களும் லொரென்சோவுக்கு. மீட்புத் தொகை ஹொரேஷியோவுக்கு. கைதி தங்கப்போவது லொரென்சோவின் மாளிகையில், ஏனென்றால் ஹொரேஷியோவின் வீடு இளவரசனின் பரிவாரத்துக்குப் போதாது. எல்லாரையும் திருப்திப்படுத்தும் தீர்ப்பு. அதில் உள்ளே ஓடும் விஷயம் ஒன்றுதான்: உழைத்தவனுக்குப் பணம், பிறந்தவனுக்கு மரியாதை. பக்கத்திலேயே நிற்கும் ஹியெரோனிமோ, நீங்கள் நியாயவான் என்று தெரிந்ததால் சும்மா இருக்கிறேன், நான் பேசினால் தகப்பன் பாசம் என்று தோன்றும் என்கிறார். சொந்த வழக்கில் நாக்கைக் கட்டிக்கொள்ளும் மனிதராகத்தான் அவர் நமக்கு அறிமுகமாகிறார்.

லொரென்சோவின் தங்கை பெல்-இம்பீரியா ஆண்ட்ரியாவின் காதலி. அவன் போன பிறகு ஹொரேஷியோவை விரும்புகிறாள். பல்தசாருக்கும் அவள் மேல் ஆசை. அந்தக் கல்யாணம் நடந்தால் இரண்டு நாடுகளும் சேரும் என்பதால் அரண்மனைக்கும் அதில் ஆர்வம். அவளுடைய வேலைக்காரன் பெத்ரிங்கானோவை மிரட்டியும் காசு கொடுத்தும் லொரென்சோ விஷயத்தைக் கறக்கிறான். ஹியெரோனிமோவின் தோட்டத்துக் கொடிப்பந்தலில் இரவில் காதலர்கள் சந்திக்கும்போது லொரென்சோ, பல்தசார், பல்தசாரின் ஆள் செர்பெரைன், பெத்ரிங்கானோ ஆகிய நால்வரும் முகத்தை மறைத்துக்கொண்டு வந்து, ஹொரேஷியோவைப் பந்தலிலேயே தூக்கில் தொங்கவிட்டுக் குத்துகிறார்கள். பெல்-இம்பீரியாவைத் தூக்கிக்கொண்டு போய் அடைத்து வைக்கிறார்கள்.

பிணத்தை மறைத்த நீதிபதி

அலறல் கேட்டு ஹியெரோனிமோ படுக்கையிலிருந்து ஓடி வருகிறார். தொங்குவது யாரோ ஓர் ஆள் என்று நினைத்துக் கயிற்றை அறுத்த பிறகுதான் முகம் தெரிகிறது. அதற்குப் பிறகு அவர் செய்யும் மூன்று காரியங்கள் இந்த வழக்கையே தீர்மானிக்கின்றன. ரத்தத்தில் நனைந்த கைக்குட்டையை எடுத்து, பழி தீரும்வரை இது என்னை விட்டுப் போகாது என்கிறார். உடலைப் புதைக்க மாட்டேன் என்கிறார். மனைவி இசபெல்லாவிடம், அழுகையை அடக்கு, முடியாவிட்டால் கொஞ்ச நாள் மறைத்தாவது வை, அப்போதுதான் யார் செய்தது என்று சீக்கிரம் தெரியும் என்கிறார்.

துப்பறிகிறவரின் கோணத்தில் இது சரியான உத்திதான். நீதிபதியின் கோணத்தில் பெரிய ஓட்டை. இங்கிலாந்தில் சந்தேகச் சாவு என்றால் பிரேத விசாரணை உண்டு. அதுவே வழக்கின் முதல் படி. ஹியெரோனிமோவின் பதவி 'நைட் மார்ஷல்'. நாடகம் ஸ்பெயினில் நடந்தாலும் பதவி இங்கிலாந்து அரண்மனையில் இருந்ததுதான். மன்னர் தங்கியிருக்கும் இடத்தைச் சுற்றிப் 12 மைலுக்குள் நடக்கும் குற்றங்கள் அந்த அதிகாரியின் எல்லைக்குள் வரும். அதாவது, இந்தக் கொலையை விசாரிக்க வேண்டியவரே அவர்தான். அவரே பிணத்தை உள்ளே கொண்டுபோய் வைத்துக் கதவைச் சாத்துகிறார். அதனால் ஹொரேஷியோ செத்த செய்தியே ராஜாவுக்குப் போகவில்லை. பின்னால் வரும் அத்தனை விபரீதமும் இந்த மௌனத்தின் மேல்தான் ஏறி நிற்கிறது. விமர்சகர்கள் அவருடைய தாமதத்தைப் பற்றிப் பேசும் அளவுக்கு இதைப் பேசுவதில்லை என்பது என் மனக்குறை.

கடிதமும் காலிப் பெட்டியும்

அப்புறம் பெல்-இம்பீரியாவின் கடிதம் வருகிறது, மை கிடைக்காததால் ரத்தத்தால் எழுதியது. என் அண்ணனும் பல்தசாரும்தான் கொன்றவர்கள், பழி வாங்கு என்கிறாள். ஹியெரோனிமோ துள்ளிக் குதிக்கவில்லை. அவர்களுக்கு என் மகன் மேல் என்ன பகை? கூடப் பிறந்தவனையே இவள் ஏன் காட்டிக்கொடுக்க வேண்டும்? இளவரசன் மேல் பழி சொல்ல வைத்து என் தலையை எடுக்கும் பொறியாக இருந்தால்? இந்தக் கேள்விகளில் ஒன்றைக்கூடத் தப்பு என்று சொல்ல முடியாது. அவர் தயங்குகிறார் என்று சலித்துக்கொள்ளும் வாசகரிடம் நான் கேட்பது, சரிபார்க்காத ஒற்றைத் தாளை வைத்து இரண்டு பேரைக் கொல்லும் நீதிபதியா உங்களுக்கு வேண்டும்?

சரி, அவர் பெல்-இம்பீரியாவை நேரில் பார்த்து விசாரிக்கப் போகிறார். அந்த விசாரிப்பே லொரென்சோவை உஷாராக்குகிறது. செர்பெரைன் உளறிவிட்டான் என்று நினைத்துப் பெத்ரிங்கானோவை ஏவி அவனைச் சுடவைக்கிறான். அதே இடத்துக்குக் காவலாளிகளையும் அனுப்பி வைக்கிறான். ஒரு சாட்சி செத்தான், மற்றவன் கையும் களவுமாகப் பிடிபட்டான். தன் கையில் ஒரு துளி ரத்தமும் படவில்லை. நாடகத்தில் சட்டத்தை உண்மையிலேயே திறமையாகப் பயன்படுத்துகிறவன் லொரென்சோ ஒருவன்தான்.

அடுத்து வரும் விசாரணைக் காட்சிதான் கிட்டின் உச்சம். பெத்ரிங்கானோவுக்கு லொரென்சோ ஒரு பையன் மூலம் பெட்டி ஒன்றை அனுப்புகிறான். உள்ளே மன்னிப்பு ஆணை இருப்பதாகச் சொல்லச் சொல்கிறான். திறக்காதே என்று சொன்னதை மீறிப் பையன் திறந்து பார்த்தால் உள்ளே ஒன்றும் இல்லை. மாட்டிக்கொள்ளும் பயத்தில் அவனும் சொன்னபடியே நடிக்கிறான். பெட்டியை நம்பிய பெத்ரிங்கானோ குற்றத்தை ஒப்புக்கொண்டு, தூக்குமரத்தடியில் நின்று தூக்குப் போடுகிறவனோடு நக்கலடிக்கிறான். பையன் பெட்டியைத் தட்டித் தட்டிக் காட்டுகிறான். பார்வையாளர் சிரித்துக்கொண்டிருக்கும்போதே மேடையில் ஒரு மனிதன் செத்துப்போகிறான்.

அந்த இருக்கையில் உட்கார்ந்து ஹியெரோனிமோ சொல்வது: நான் நீதிபதியாக இருக்கும்வரை ரத்தத்துக்கு ரத்தம் கணக்குத் தீரும், எனக்கு அது கிடைக்காவிட்டாலும் மற்றவர்களுக்குக் கிடைக்கும்படி பார்ப்பேன். எனக்கு இந்த நாடகத்தில் மிகவும் பிடித்த இடம் இது. அதே நேரம், தன் மகனின் கொலையில் உடந்தையாக இருந்தவர்களில் சாட்சி சொல்லக்கூடிய கடைசி ஆளைத்தான் அவர் தூக்குக்கு அனுப்புகிறார். அவருக்கு அது தெரியாது. தண்டனை நிறைவேறிய பிறகு, தூக்குப் போட்டவன் செத்தவன் பையில் இருந்த கடிதத்தைக் கொண்டுவந்து கொடுக்கிறான். லொரென்சோவுக்கு எழுதியது: என்னைக் காப்பாற்றாவிட்டால் சாகும்போது உண்மையைச் சொல்லிவிடுவேன், ஹொரேஷியோவைக் கொல்லவும் நான்தானே உதவினேன். நம் ஊர் நீதிமன்ற மொழியில் மரண வாக்குமூலம் என்றே சொல்லலாம். முதல் கடிதத்துக்கு அவர் தேடிய ஒத்துறுதி, அதாவது அதை உறுதிப்படுத்தும் இன்னொரு சாட்சி, இரண்டாவது கடிதத்தில் கிடைத்துவிட்டது, எழுதியவன் செத்த பிறகு.

கிட்டின் அப்பா பிரான்சிஸ் கிட், பத்திரம் எழுதும் தொழிலில் இருந்தவர். மகனின் நாடகத்தில் கதை நகர்வதெல்லாம் தாள்களால்தான் என்பதற்கு அதுவே காரணம் என்று நிரூபிக்க முடியாது. ஆனால் நினைக்காமல் இருக்கவும் முடியவில்லை. இன்னொரு கொடுமை, 1593 மே மாதம் கிட் கைதானபோது அவருடைய அறையில் கிடைத்த தாள்களே அவருக்கு எமனாக வந்தன. மதவிரோதக் கருத்து எழுதியிருந்த அந்தத் தாள்கள் சக நாடகாசிரியர் கிறிஸ்டபர் மார்லோவுடையவை, ஒரே அறையில் எழுதிய நாளில் என்னுடையவற்றோடு கலந்துவிட்டன என்றார். சித்திரவதைக்கு ஆளானார். அடுத்த ஆண்டே, 35 வயதில் இறந்துபோனார்.

"ராஜா வேலையாக இருக்கிறார்"

ஆதாரம் கையில் வந்தபின் ஹியெரோனிமோ போவது நேராக ராஜாவிடம். இதை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பழிவாங்கும் நாயகன் என்றாலே சட்டத்தை மதிக்காதவன் என்ற எண்ணம் இருக்கிறது. அவர் நீதி, நீதி என்று கத்திக்கொண்டு சபைக்குள் நுழைகிறார். போர்ச்சுகல் தூதரோடு கல்யாணப் பேச்சு நடக்கிறது. லொரென்சோ குறுக்கே வந்து, தள்ளி நில், ராஜா வேலையாக இருப்பது தெரியவில்லையா என்கிறான். "அப்படியா?" என்று அவர் ஒதுங்குகிறார். ராஜா திரும்பி, யார் குறுக்கிடுவது என்று கேட்டதும், "நான் இல்லை" என்று தனக்குள்ளேயே எச்சரிக்கை சொல்லிக்கொண்டு விலகுகிறார். இந்த வரியை வைத்து லண்டனில் பல ஆண்டுகள் கேலி செய்துகொண்டிருந்தார்கள். மற்ற நாடகங்களிலும் அது நகைச்சுவையாக வந்து போகிறது.

சற்று நேரத்தில் ஹொரேஷியோவின் மீட்புத் தொகைப் பேச்சு எழுகிறது. மகன் பெயரைக் கேட்டதும் அவர் உடைந்து, கட்டாரியால் தரையைத் தோண்டுகிறார். பூமியின் குடலைக் கிழித்து மகனை வெளியே கொண்டுவந்து காயத்தைக் காட்டுகிறேன் என்கிறார். பதவி வேண்டாம் என்கிறார். ராஜாவுக்கு ஒன்றுமே புரியவில்லை, ஹொரேஷியோ உயிரோடிருப்பதாக நினைப்பவருக்கு எப்படிப் புரியும்? மகனின் பெருமை தலைக்கேறி, மீட்புப் பணம் முழுக்கத் தனக்கே வேண்டும் என்று புத்தி பேதலித்துவிட்டது என்று லொரென்சோ விளக்கம் சொல்கிறான். அது எடுபடுகிறது. தோட்டத்தில் தொடங்கிய மறைப்பு இங்கே எதிரியின் கையில் ஆயுதமாகிறது. ராஜா கெட்டவர் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். பதவியிலிருந்து நீக்கலாம் என்று லொரென்சோ சொல்லியும் அவர் மறுக்கிறார்.

அதற்குப் பிறகு வருவது கையில் புத்தகத்தோடு பேசும் நீண்ட தனிமொழி. பழி என்னுடையது என்று கடவுள் சொல்லும் பைபிள் வாசகத்தில் தொடங்கி, குற்றத்துக்குப் பத்திரமான வழி இன்னொரு குற்றம் என்ற பண்டை ரோம நாடகாசிரியர் செனெகாவின் லத்தீன் வரிக்கு வருகிறார். செனெகாவில் அந்த வரியைச் சொல்பவள் கிளைடெம்னெஸ்ட்ரா, கணவனைக் கொல்லப்போகிறவள். நீதிபதி தன் முடிவுக்கு மேற்கோளாக ஒரு கொலைகாரியின் வாதத்தை எடுக்கிறார். வெளிப்படையாக இல்லாமல், அன்பு காட்டும் பாவனைக்குள் மறைத்து, ரகசியமாகப் பழி வாங்குவது என்று முடிவாகிறது.

இப்போது ஊர் ஜனங்கள் சிலர் மனுக்களோடு வருகிறார்கள். கடன் வழக்கு, குத்தகை நிலத்திலிருந்து வெளியேற்றிய வழக்கு என்று சாதாரண விஷயங்கள். ஹியெரோனிமோ மாதிரி நியாயமான நீதிபதி ஸ்பெயினிலேயே இல்லை என்று தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள். ஓரமாக பசுல்தோ என்ற கிழவர், கொலையான மகனுக்காக எழுதிய மனுவோடு பேசாமல் நிற்கிறார். கிழவரின் கண்ணீரைத் துடைக்கப் போய் ரத்தக் கைக்குட்டையை வெளியே எடுத்துவிடுகிறார் ஹியெரோனிமோ. அவ்வளவுதான், மற்றவர்களின் தாள்களைப் பிடுங்கிப் பல்லால் கடித்துக் கிழிக்கிறார். பத்துப் பவுண்டு செலவான குத்தகைப் பத்திரம் போச்சே என்று ஒருவன் அலறுகிறான். நான் அதைக் குத்தவில்லையே, ஒரு சொட்டு ரத்தம் வந்திருந்தால் காட்டு என்கிறார் நீதிபதி. தூக்குமரத்தடியில் மற்றவர்களுக்காவது நீதி கிடைக்கட்டும் என்று சொன்ன மனிதர், அதைத் தன் பல்லாலேயே கிழித்துப் போட்டுவிட்டார்.

காஸ்டில் பிரபு கேட்ட கேள்வி

பலர் பழியின் திருப்புமுனை அந்தத் தனிமொழி என்பார்கள். என்னைக் கேட்டால், அதற்கடுத்து வரும் சின்னக் காட்சி. அரங்கில் அதைச் சட்டென்று கடந்துவிடலாம்; அடிதடி இல்லை, அலறல் இல்லை.

லொரென்சோவின் அப்பா காஸ்டில் பிரபு மகனைத் தனியாகக் கூப்பிட்டு, நீ ஹியெரோனிமோவுக்குக் கெடுதல் செய்கிறாய், அவர் ராஜாவிடம் முறையிட வரும்போதெல்லாம் தடுக்கிறாய் என்று ஊரெல்லாம் பேச்சு இருக்கிறது, உண்மையா என்று கேட்கிறார். இந்த அரண்மனையில் இந்தக் கேள்வியைக் கேட்ட ஒரே ஆள் அவர்தான். லொரென்சோ பூசி மெழுகுகிறான். பிரபு அதோடு விடாமல் ஹியெரோனிமோவையே வரவழைத்து நேருக்கு நேர் கேட்கிறார். அப்போது ஹியெரோனிமோவின் கையில் இரண்டு கடிதங்கள், வீட்டில் பிணம். யார் அப்படிச் சொன்னது, அவனோடு சண்டை போடவும் தயார், எனக்கு லொரென்சோ மேல் எந்த மனத்தாங்கலும் இல்லை என்று சாதித்துவிட்டுக் கட்டிப்பிடித்துச் சமாதானம் ஆகிறார். மற்றவர்கள் போனதும் ஓர் இத்தாலியப் பழமொழியை முணுமுணுக்கிறார்: வழக்கத்துக்கு மேல் கொஞ்சுகிறவன் ஏற்கெனவே ஏமாற்றியவன், இல்லை ஏமாற்றப் போகிறவன்.

இங்கே எதிர்வாதம் உண்டு, அதில் பலமும் உண்டு. பிரபு, குற்றவாளியின் தகப்பன். கேள்வி கேட்ட வேகத்திலேயே மகனின் பதிலை நம்பியவர். முன்பு ஆண்ட்ரியா-பெல்-இம்பீரியா காதல் தெரிந்து கோபப்பட்டவரும் அவரே. அவரிடம் உண்மையைச் சொன்னால் ஹியெரோனிமோ உயிரோடு வீடு திரும்பியிருப்பாரா என்பது சந்தேகம்தான். ஆனாலும் அதுவரை அவர் தட்டிய கதவுகளை மற்றவர்கள் சாத்தினார்கள். தானாகத் திறந்த இந்த ஒரு கதவை அவரே சாத்தினார். லொரென்சோ செய்ததை எல்லாம் கழித்துவிட்டாலும், இது ஹியெரோனிமோவின் கணக்கில் மிஞ்சுகிறது. துன்பியல் நாயகன் என்ற பெயர் அவருக்குப் பொருந்துவதும் இதனால்தான், வெறுமனே அநியாயத்துக்கு ஆளானவராக இருந்தால் அவரைப் பார்த்துப் பரிதாபம் மட்டும்தான் வந்திருக்கும்.

நான்கு மொழி நாடகம்

கல்யாணக் கொண்டாட்டத்துக்கு ஒரு கேளிக்கை வேண்டும் என்று கொலைகாரர்களே வந்து கேட்கிறார்கள். மாணவப் பருவத்தில் எழுதிய நாடகம் ஒன்று இருக்கிறது என்கிறார் ஹியெரோனிமோ. பல்தசார் லத்தீனிலும், லொரென்சோ இத்தாலியனிலும், பெல்-இம்பீரியா பிரெஞ்சிலும், தான் கிரேக்கத்திலும் பேசுவதாக ஏற்பாடு. யார் பேசுவதும் யாருக்கும் புரியாத மேடை. நீதி கேட்டு அவர் கத்தியது புரியாத அதே சபை, கையில் கதைச் சுருக்கத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. இதற்கு முன்பே இசபெல்லா, மகன் தொங்கிய பந்தலை வெட்டிச் சாய்த்துவிட்டுத் தன்னைத்தானே குத்திக்கொண்டு செத்தாயிற்று.

நாடகத்துக்குச் சற்று முன் ஹியெரோனிமோ ஒருவரிடம் உதவி கேட்கிறார்: எல்லாரும் மாடத்துக்குள் போனபின் சாவியை எனக்குக் கீழே போடுங்கள். சரி ஹியெரோனிமோ என்று ஒத்துக்கொள்பவர் காஸ்டில் பிரபு.

மேடையில் ஹியெரோனிமோ லொரென்சோவை நிஜமாகக் குத்துகிறார். பெல்-இம்பீரியா பல்தசாரைக் குத்திவிட்டுத் தன்னையும் குத்திக்கொள்கிறாள். அவளைத் தப்பவிடத்தான் அவர் கதையை மாற்றி எழுதியிருந்தார். சபை நடிப்பைப் பாராட்டுகிறது. அப்போது அவர் திரையை விலக்கி ஹொரேஷியோவின் உடலைக் காட்டி, தாய்மொழியில் எல்லாவற்றையும் சொல்கிறார். முதல் நாளே நடந்திருக்க வேண்டிய பிரேத விசாரணை கடைசிக் காட்சியில் நடக்கிறது.

இத்தோடு அவர் செத்திருந்தால் கணக்கு ஒருவிதத்தில் நேராகியிருக்கும். தூக்குப் போட்டுக்கொள்ள ஓடும்போது பிடித்துவிடுகிறார்கள். ஏன் செய்தாய், யார் உடந்தை என்று கேட்கிறார்கள். முழுக்கச் சொல்லி முடித்தவரிடம் மறுபடி ஏன் கேட்கிறார்கள் என்பது இந்தப் பிரதியில் நெடுநாள் சிக்கல். முடிவின் இரண்டு வடிவங்கள் அச்சில் கலந்துவிட்டன என்று சில பதிப்பாசிரியர்கள் கருதுகிறார்கள். எப்படியானாலும் அவர் நாக்கைக் கடித்துத் துப்புகிறார். எழுதியாவது காட்டு என்கிறார்கள். இறகுப் பேனாவைச் சீவக் கத்தி வேண்டும் என்று சைகை செய்கிறார். கொடுத்ததும் அதே கத்தியால் காஸ்டில் பிரபுவைக் குத்திக் கொன்று, தன்னையும் குத்திக்கொள்கிறார்.

பிரபுவின் கொலைக்கு ஆதாரமும் இல்லை, கடிதமும் இல்லை, குற்றச்சாட்டே இல்லை. ரத்தத்தால் எழுதிய கடிதத்தையே ஒத்துறுதி இல்லாமல் ஏற்காத மனிதர் செய்தது இது. மகனை இழந்த தகப்பன் இன்னொரு தகப்பனுக்கும் அதே வலியைக் காட்டினான் என்று சமாதானம் சொல்வார்கள்; ஆனால் அந்தத் தகப்பன் வலியை உணரக்கூட அவகாசம் கிடைக்கவில்லை.

அன்றைய பார்வையாளர்கள் இதை எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்பதும் லேசான கேள்வி இல்லை. எலிசபெத் காலச் சட்டத்தில் தனிமனிதப் பழி என்பது வெறும் கொலை. ஆனால் 1584ல் அரசின் ஆலோசனைச் சபையே ஓர் உறுதிமொழிப் பத்திரம் தயாரித்து, ராணியைக் கொல்ல முயல்கிறவர்களைத் தேடிப்பிடித்து உயிரெடுப்போம் என்று ஆயிரக்கணக்கானவர்களிடம் கையெழுத்து வாங்கியது. பழிக்குச் சத்தியம் செய்த கையோடுதான் அவர்கள் அரங்குக்கு வந்தார்கள். 1602ல் வந்த பதிப்பில் வேறு கைகள் எழுதிய புதுப் பகுதிகள் சேர்ந்தன. அவற்றில் பெரும்பாலும் ஹியெரோனிமோவின் பைத்தியம்தான் நீள்கிறது. மகனை இழந்த ஓவியர் ஒருவரிடம், ஒரு அலறலை வரைய முடியுமா என்று கேட்கும் காட்சி அதில்தான் வருகிறது. கூட்டம் காசு கொடுத்துப் பார்க்க விரும்பியது எதை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

ஓரமாக உட்கார்ந்திருந்த ஆண்ட்ரியாவின் ஆவிக்குப் பரம திருப்தி. பாதாளத்தில் யாருக்கு எந்த இடம் என்று அது பங்கு பிரிக்கிறது: ஹியெரோனிமோவுக்குக் கிரேக்கப் புராணப் பாடகன் ஆர்ஃபியஸ் பாடும் இன்ப உலகம், காஸ்டில் பிரபுவுக்குக் கழுகு கொத்தும் டிட்டியஸின் தண்டனை. மேலே ஸ்பெயின் ராஜா தம்பியும் இல்லாமல், தம்பி மகனும் இல்லாமல், வம்சத்தில் கடைசி ஆளாக நிற்கிறார். 1588ல் ஸ்பெயினின் கப்பற்படை தோற்றுத் திரும்பிய நான்கே ஆண்டுகளில் ரோஸ் அரங்கில் இதைப் பார்த்த லண்டன்காரர்கள் அந்த ராஜாவுக்காக அழுதிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.